பாதியில் நின்றுபோன நிறுவல்: கணினி கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே முறைப்பாட்டைச் சொல்கின்றன. மடிகணினியில் மென்பொருள் ஒன்றை நிறுவப் போனபோது, மென்பொருள்களைப் பொதிகளாக எடுத்து நிறுவும் கருவியான பொதி முகாமையாளர் பாதியில் நின்றுவிட்டது, அதன் பிறகு எதுவுமே நிறுவ முடியவில்லை என்பதே அந்த முறைப்பாடு. எனவே இந்த இதழின் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். தட்டச்சிடும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஐயா, நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள்; வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். என் மடிகணினியின் பற்றரி பழுதாகிவிட்டதால் மின்னேற்றியைச் சொருகினால் மட்டுமே அது இயங்கும். மாரி மழை பெய்த ஓர் இரவில் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 22.04 மேம்படுத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அன்று முதல் எதை நிறுவப் போனாலும் 'டிபிகேஜி இடையில் தடைப்பட்டது' என்று வருகிறது. சில வேளைகளில் 'பூட்டைப் பெற முடியவில்லை' என்றும் வருகிறது. கூடப் படிப்பவர் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்கிறார். திருத்தும் கடையில் முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். என் செயற்றிட்ட அறிக்கை அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அழித்துப் புதிதாகப் போட வேண்டிய நிலை உங்கள் கணினிக்கு வரவில்லை. நிறுவல் தடைப்பட்டதால் குழம்பியிருப்பது மென்பொருள்களைப் பற்றிய பதிவேடுதான். உங்கள் அறிக்கை இருக்கும் ஹோம் கோப்புறையில் பொதி முகாமையாளர் கை வைப்பதில்லை. ஆயினும் திடீரென மின்சாரம் போன கணினி என்பதால், வேறெதையும் தொடுவதற்கு முன்னர் அறிக்கையைப் பென்ட்ரைவ் ஒன்றில் படியெடுத்துவிடுங்கள்.

நடந்தது என்னவென்று தெரிந்தால் அச்சம் பாதி குறையும். உபுண்டுவில் நிறுவல் வேலையை இரண்டு கருவிகள் பங்கிட்டுச் செய்கின்றன. ஒரு மென்பொருளுக்கு வேறெந்தப் பொதிகள் துணையாக வேண்டும் என்று கணக்கிட்டு, அவற்றை இணையத்திலுள்ள பொதிக் களஞ்சியத்திலிருந்து தரவிறக்குவது ஏபிடி. தரவிறங்கிய பொதிகளைப் பிரித்துக் கோப்புகளை உரிய இடங்களில் வைத்து, பின்னர் ஒவ்வொன்றையும் இயங்கும் நிலைக்கு அமைப்பது டிபிகேஜி. 1994 இல், உபுண்டுவுக்கு மூலமான டெபியன் இயங்குதளத்துக்காக இயன் மர்டொக் எழுதிய டிபிகேஜியே அடித்தளம். ஏபிடி 1999 இல் டெபியன் 2.1 உடன் அதன் மேல் வந்து சேர்ந்தது. பிரித்தலும் அமைத்தலும் தனித்தனிப் படிகளாக இருப்பதும், எந்தப் பொதி எந்தப் படியில் நிற்கிறது என்று டிபிகேஜி தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டே போவதும்தான் இப்போது உங்களுக்குக் கைகொடுக்கப் போகின்றன. மின்சாரம் போன வேளையில், வெட்டிச் சூடு வைத்துவிட்டு அடிக்காமல் விட்ட வேளாண்மையைப் போலச் சில பொதிகள் பிரிக்கப்பட்டும் அமைக்கப்படாமலும் நின்றுவிட்டன. அந்த வேலை முடியும்வரை புதிய வேலை எதையும் ஏற்க ஏபிடி மறுக்கிறது. அந்த மறுப்பு உங்கள் கணினியைக் காப்பதற்கானது.

மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தில், கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தைத் திறந்து, முதலில் 'டிபிகேஜி --ஓடிட்' என்று கொடுங்கள். அது எதையும் மாற்றாது. அரைகுறையாக நிற்கும் பொதிகளின் பெயர்களை மட்டும் காட்டும். அடுத்து 'சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ' என்று கொடுங்கள் ('சூடோ' என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவதற்கு). உங்களுக்கு வந்த செய்தியின் பின்பாதியில் எழுதியிருப்பதும் இதே கட்டளைதான். முதல் வரியைக் கண்டதும் திகைத்துப்போய் மீதியைப் படிக்காமல் விடுகிறோம். இது விடுபட்ட அமைத்தல்களை ஒவ்வொன்றாக முடிக்கும். அதன் பின்னர் 'சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல்' என்று கொடுத்தால், துணைப்பொதிகள் வந்து சேராத இடங்களை ஏபிடி தானே நிரப்பும். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்: ஆம் என்று ஒப்புதல் கொடுப்பதற்கு முன்னர், அகற்றப்படவிருக்கும் பொதிகளின் பட்டியலை ஏபிடி காட்டும். அதில் மேசைத்தளத்தின் பொதிகளோ நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளோ இருந்தால் இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் தொடரலாம். இறுதியாக 'சூடோ ஏபிடி அப்டேட்', 'சூடோ ஏபிடி அப்கிரேட்' இரண்டையும் கொடுத்தால் அன்று இரவு நின்ற வேலை நிறைவடையும்.

குறிப்பிட்ட ஒரு பொதி மட்டும் திரும்பத் திரும்பத் தவறினால், திரையின் கடைசி வரியைப் பார்க்காதீர்கள். கடைசி வரி பெரும்பாலும் 'பிழை ஏற்பட்டது' என்று பொதுவாகச் சொல்லும்; காரணம் அதற்குச் சில வரிகள் மேலே, முதன்முதலாகத் தவறிய இடத்தில் இருக்கும். திரையில் ஓடி மறைந்தவை அனைத்தும் '/வார்/லொக்/ஏபிடி/டேர்ம்.லொக்' என்ற கோப்பில் நாள், நேரத்துடன் பதிவாகியிருக்கும். மின்சாரம் போன இரவின் பதிவையும் அங்கே காணலாம்.

இனிப் பூட்டு. உங்கள் நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். இணையத்தில் எங்கு தேடினாலும் அந்த ஆலோசனையே முன்னால் வருகிறது. ஆனால் அது தேவையற்றது, ஆபத்தானதும்கூட. அந்தக் கோப்பு இருப்பதால் பூட்டு விழுந்திருக்கிறது என்று பொருள் இல்லை; கோப்பு எப்போதும் அங்கேயே கிடக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருப்பதாக இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகம் குறித்துக்கொள்வதே பூட்டு. அந்த நிரல் முடிந்தாலோ கணினி அணைந்தாலோ பூட்டும் தானாக அவிழ்ந்துவிடும். ஆகவே கணினியை இயக்கிய சற்று நேரத்தில் இந்தச் செய்தி வருகிறது என்றால், பின்னணியில் தானியங்கி மேம்படுத்தல் உண்மையாகவே நடந்துகொண்டிருக்கிறது. எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்பதை அதன் எண்ணோடு செய்தியே சொல்லும். அது முடியும்வரை பொறுத்திருங்கள். மெதுவான இணைப்பில் அரைமணி நேரம்கூட ஆகலாம். பொறுக்காமல் கோப்பை அழித்தால், இரண்டு நிரல்கள் ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கும். மின்தடை செய்யாத சேதத்தை அது செய்துவிடும்.

அரிதாக, மின்சாரம் போன கணத்தில் பதிவேட்டுக் கோப்பே சிதைந்துவிடுவதும் உண்டு. அப்போது 'ஸ்டேட்டஸ்' என்ற கோப்பைப் படிக்க முடியவில்லை என்று டிபிகேஜி சொல்லும். அதற்கும் வழி இருக்கிறது. '/வார்/பேக்கப்ஸ்' கோப்புறையில் அந்தப் பதிவேட்டின் அண்மைய படிகளைக் கணினி தானாகவே சேமித்து வைத்திருக்கும். மிக அண்மையதை எடுத்துப் பழுதான கோப்பின் இடத்தில் வைக்கலாம். பழுதானதை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், அழிக்க வேண்டாம்.

வன்தட்டில் இடம் இல்லாமற்போனாலும் இதே போன்ற அரைகுறை நிலை வரும் என்பதால் 'டிஎஃப் -எச்' கட்டளையால் அதையும் பார்த்துவிடுங்கள். 'பூட்' என்ற பகுதி நூறு விழுக்காடு நிரம்பியிருந்தால் பழைய கருவகங்கள் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். அவற்றைக் கையால் அழிக்காமல் 'சூடோ ஏபிடி ஓட்டோரிமூவ்' மூலம் நீக்குங்கள்.

பற்றரி மாற்றும்வரை உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 'சூடோ ஏபிடி அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி' என்று கொடுத்தால் பொதிகள் தரவிறங்குமே தவிர நிறுவப்படா. இரவு நேர டேட்டாவில் அதை ஓடவிடலாம். இடையில் மின்சாரம் போனாலும் கேடில்லை. பாதி இறங்கிய கோப்பை விட்ட இடத்திலிருந்து ஏபிடி தொடரும். மறுநாள் மழை இல்லாத பகற்பொழுதில் வழமையான கட்டளையைக் கொடுத்தால் நிறுவும் வேலை மட்டும் நடக்கும், அது சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கேள்வி: சம்மாந்துறையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். வீட்டு உரிமையாளர் தரும் வைஃபையில் 'ஏபிடி அப்டேட்' கொடுத்தால், கையொப்பமிட்ட கோப்பு செல்லாது என்றும் 'நொஸ்பிளிட்' என்றும் வருகிறது. கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் அந்தப் பிழை இல்லை. கணினியில் வைரஸ் இருக்குமா?

பதில்: வைரஸ் இல்லை. அந்த வைஃபையைப் பயன்படுத்த முதலில் உலாவியில் ஒரு பக்கம் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் உள்நுழையாத நிலையில் ஏபிடி களஞ்சியத்தின் பட்டியலைக் கேட்கும்போது, வைஃபை கருவி இடையில் புகுந்து அந்த உள்நுழைவுப் பக்கத்தையே பட்டியல் என்று அனுப்பிவிடுகிறது. உபுண்டுவின் களஞ்சியங்கள் வழமையாக மறைகுறியாக்கம் இல்லாத எச்டிடிபி வழியே வருவதால் இப்படிப் புகுவது எளிது. ஆனால் பட்டியலில் இருக்க வேண்டிய எண்ணிம கையொப்பம் அந்தப் பக்கத்தில் இல்லாததால் ஏபிடி அதை ஏற்பதில்லை. களஞ்சியத்தைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் ஏற்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்தச் செய்தியின் முடிவில் 'இவ்வலையமைப்புக்கு உள்நுழைவு தேவையா' என்று ஏபிடியே உங்களைக் கேட்டிருப்பதையும் பாருங்கள்.

உலாவியில் உள்நுழைந்துவிட்டு மீண்டும் முயலுங்கள். பிழை நீடித்தால், ஏற்கெனவே சேமித்த தவறான பட்டியல்கள் '/வார்/லிப்/ஏபிடி/லிஸ்ட்ஸ்' கோப்புறையில் கிடக்கின்றன என்று பொருள். அதன் உள்ளடக்கத்தை மட்டும் நீக்கிவிட்டு 'சூடோ ஏபிடி அப்டேட்' கொடுங்கள். பட்டியல்கள் புதிதாக இறங்கும். அதற்குப் பல பத்து மெகாபைட் செலவாகும் என்பதால் வைஃபையிலேயே செய்யுங்கள். 'ஹேஷ் பொருந்தவில்லை' என்ற பிழைக்கும் இதுவே மருந்து.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனையில் பாவித்த மடிகணினி ஒன்றை வாங்கி டெபியன் 12 போட்டேன். களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று சொல்லி நிறுவ மறுக்கிறது. இணையத்தளங்களும் பாதுகாப்பற்றவை என்று காட்டுகின்றன.

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். களஞ்சியத்தின் கோப்பில் அது வெளியான திகதி எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கணினியின் கணக்கில் அந்த நாள் இன்னும் வரவேயில்லை, ஆகவே ஏபிடி அதை நம்ப மறுக்கிறது. இணையத்தளங்களின் சான்றிதழ்களுக்கும் இதே கதைதான். 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ' என்று கொடுத்து இணையத்தோடு இணைத்தால் நேரம் சரியாகும். கணினியை அணைத்து இயக்கியதும் மீண்டும் பின்னோக்கிப் போனால், தாய்ப்பலகையில் கடிகாரத்துக்கென்று இருக்கும் சிறிய வட்டப் பற்றரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றுவது பெரிய செலவு இல்லை. நேரம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் மட்டும் பிசகினால் பற்றரியைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கும்போது முன்னது வன்பொருட் கடிகாரத்தை இலங்கை நேரமாகவும் பின்னது உலகப் பொது நேரமாகவும் கொள்வதால் வரும் வேறுபாடு அது.

கேள்வி: அக்கரைப்பற்றில் மாணவர்களுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறேன். விண்டோஸ் 10 மடிகணினி ஒன்றில் சொக்லேட்டி பொதி முகாமையாளரை நிறுவும்போது இணையம் அறுந்துவிட்டது. திரும்ப நிறுவினால் 'ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது' என்கிறது. 'சொகோ' என்று தட்டச்சிட்டால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்கிறது. இரண்டில் எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மைதான். 'சி' வட்டில் 'புரோகிராம்டேட்டா' என்ற மறைந்த கோப்புறைக்குள் 'சொக்லேட்டி' என்ற கோப்புறை உருவாகிவிட்டது. அதற்குள் வர வேண்டிய நிரல் முழுமையாக வந்து சேரவில்லை. நிறுவும் நிரல் கோப்புறையைப் பார்த்துவிட்டு, உங்கள் பழைய நிறுவலைக் கெடுத்துவிடக் கூடாது என்று விலகிக்கொள்கிறது. அந்தக் கோப்புறைக்குள் 'லிப்' என்று ஒன்று இருக்கிறதா, அதில் நீங்கள் முன்னர் நிறுவிய மென்பொருள்கள் ஏதும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் முயற்சியிலேயே இணையம் அறுந்ததாக எழுதியிருப்பதால் ஒன்றும் இருக்காது. அப்படியானால் கோப்புறையை அழிக்காமல் அதன் பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டு, பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து, சொக்லேட்டியின் சொந்தத் தளத்தில் இருக்கும் நிறுவற் கட்டளையை அங்கிருந்தே படியெடுத்து ஓட்டுங்கள். யாரோ அனுப்பிய கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை உங்கள் மாணவர்களுக்கும் இந்த இடத்தில் சொல்லிக்கொடுங்கள். நிறுவல் முடிந்ததும் அந்தச் சாளரத்தை மூடிப் புதிய சாளரத்தைத் திறவுங்கள். கட்டளைகளைத் தேடும் பாதையைப் பவர்ஷெல் தொடங்கும்போதுதான் படிக்கிறது, ஆகவே பழைய சாளரத்துக்குப் புதிய கட்டளை தெரியாது.

வகுப்புக்குச் சில மென்பொருள்கள் மட்டுமே வேண்டுமென்றால், 1809 பதிப்பும் அதற்குப் பிந்தியதுமான விண்டோஸ் 10 இல் மைக்ரோசொஃப்டின் சொந்தப் பொதி முகாமையாளரான 'விங்கெட்' இயங்கும். அதை முதலில் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: வாழைச்சேனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். நன்கொடையாகக் கிடைத்த மடிகணினிகளில் உபுண்டு 23.10 இருக்கிறது. எல்லாவற்றிலும் '404, கோப்பு இல்லை' என்று வருகிறது. இணையம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பதில்: கணினிகளில் பழுதில்லை, அவற்றில் இருக்கும் பதிப்பின் ஆயுள் முடிந்துவிட்டது. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாத ஆதரவு மட்டுமே உண்டு. 2023 ஒக்டோபரில் வந்த 23.10 இன் ஆதரவு 2024 யூலையில் முடிந்தது. அதன் பின்னர் அதன் பொதிகள் வழமையான களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பழைய வெளியீடுகளுக்கான வேறொரு களஞ்சியத்தில் வைக்கப்பட்டன. அங்கே முகவரியை மாற்றினால் பிழை மறையும் என்றாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. பிள்ளைகள் பயன்படுத்தும் கணினிகளை அப்படி விடக் கூடாது.

பிள்ளைகளின் வேலைகளைப் படியெடுத்துக்கொண்டு, நீண்டகால ஆதரவுப் பதிப்பான 24.04 ஐப் பென்ட்ரைவ் மூலம் புதிதாக நிறுவுங்கள்; 2029 வரை கவலை இல்லை. நினைவகம் நான்கு கிகாபைட்டுக்குக் குறைவான கணினிகளுக்கு உபுண்டுவின் இலகு வடிவமான லுபுண்டு 24.04 பொருத்தம், அதற்கு மூன்று ஆண்டு ஆதரவு உண்டு. இரண்டுக்குமே 64 பிட் செயலி வேண்டும் என்பதால் அதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

பாடசாலையின் டேட்டாவையும் மிச்சப்படுத்தலாம். ஒரு கணினியில் 'ஏபிடி-கேஷர்-என்ஜி' என்ற பொதியை நிறுவி, மற்றவற்றின் ஏபிடி அமைப்பில் அந்தக் கணினியின் முகவரியையும் 3142 என்ற துறை எண்ணையும் இடைநிலைச் சேவையகமாகக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு பொதியும் இணையத்திலிருந்து ஒருமுறை மட்டுமே இறங்கும். ஏனைய கணினிகள் அந்தப் படியையே அறைக்குள்ளிருந்து எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபொக்ஸ் போன்று ஸ்னாப் என்ற வேறொரு பொதி வடிவில் வருபவை மட்டும் இந்த வழியில் சேரா. அந்த முதற்கணினி அணைந்திருந்தால் மற்றவை இணைக்க முடியவில்லை என்று நின்றுவிடும் என்பதால், மேம்படுத்தும் நாளில் அதையே முதலில் இயக்குங்கள். அதற்கு நல்ல பற்றரி உள்ள மடிகணினியாகத் தெரிந்தெடுங்கள்.